பழைய தேவாலய ஓர்கனைத் தொழிற்சாலைத் தூசியிலிருந்தும் அதிர்விலிருந்தும் காப்பது எப்படி

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோனது. ஆனாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்கும் காணிக்கும் தேவை குறைந்துவிடவில்லை. கல்லுடைக்கும் ஆலையோ, கொங்கிரீட் கலவை ஆலையோ, டீசல் மின்நிலையமோ தேவாலயத்துக்கு அருகில் வரப்போகிறது என்று அறிந்தால், சபையார் பெரும்பாலும் சுவரையும் கூரையையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கட்டடத்தினுள் மிக எளிதில் பழுதாகக்கூடியது ஓர்கன் என்பதையும், முதல் லொறி வருமுன் செய்யும் வேலையே அதற்கு உறுதியான காவல் என்பதையும் அவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

குழாய் ஓர்கனில் நுண்தூசி சிறு குழாய்களின் வாயில் படிந்து தொனியை மங்கச் செய்கிறது. அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய பித்தளைத் தகடான நாக்கில் ஒரு துகள் சிக்கினாலே அந்தச் சுரம் ஊமையாகிவிடும். அமெரிக்க வகை மிதி ஓர்கன் இன்னும் ஆபத்தான நிலையில் உள்ளது, ஏனெனில் அது காற்றை உள்ளே உறிஞ்சியே ஒலிக்கிறது. அறையிலுள்ள தூசி நேரே நாக்குகளின் வழியாகவே செல்கிறது. டீசல் புகையிலுள்ள கந்தக வாயுவைத் துருத்தியின் தோல் ஈர்த்துக்கொண்டு, காலப்போக்கில் அமிலமேறிச் செந்நிறப் பொடியாக உதிர்கிறது. ஈயம் கலந்த மென்மையான குழாய்களைத் தொடர் அதிர்வு அவற்றின் தாங்கிகளில் நகர்த்துவதோடு, கூரையிலும் பெட்டியின் மேலும் கிடந்த பழைய தூசியையும் உள்ளே உதிர்க்கிறது.

ஆகவே முதல் வேலை, இன்றைய நிலையைப் பதிவுசெய்வது. ஒவ்வொரு ஸ்டொப்பையும் (ஒரு குழாய் வரிசையை ஒலிக்கவிடும் இழுகுமிழ்) இழுத்து, ஒவ்வொரு கட்டையையும் சில விநாடிகள் அழுத்தி ஒலிப்பதிவு செய்யுங்கள். அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அதே வேளையில் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடும்போது குழாய்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (ஒரு சென்ட் அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) உயரும்; வெப்பநிலை குறிக்கப்படாத பதிவை வைத்துக்கொண்டு, சுருதி மாறியது வெயிலாலா ஆலையாலா என்று பின்னர் எவராலும் நிறுவ முடியாது. துருத்தி, தோல், குழாய்கள், சுவர் வெடிப்புகள் ஆகியவற்றை அளவுகோல் வைத்துத் திகதியுடன் புகைப்படம் எடுங்கள். ஓர்கன் திருத்தும் அனுபவமுள்ள ஒருவரிடம் கையொப்பமிட்ட அறிக்கை பெறுவது மிகவும் நல்லது. பிரதிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். 1981 இல் பொது நூலகத்தை எரியக் கண்ட நகரத்தில் ஒரே பிரதியை நம்பியிருக்கக் கூடாது.

அடுத்து, திட்டத்தின் விபரம் உங்கள் கைக்கு வரவேண்டும். பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்க வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பெருந்திட்டமாயின், அறிவித்தல் வெளிவந்தபின் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். சிறிய ஆலைகளுக்கு அவ்வாறான மதிப்பீடு பெரும்பாலும் இராது. அவற்றுக்கு வழங்கப்படும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், ஒவ்வொரு புதுப்பித்தலின் முன்பும் உங்கள் ஆட்சேபனையைப் பதிவுசெய்யலாம். மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது நீர்ப் பரிசோதனை அறிக்கைகளே அதற்கு ஆதாரமாயின. ஓர்கனுக்கும் அவ்வாறே அளவீடுகள்தான் பேசும்.

ஆட்சேபனைக் கடிதத்தில் ‘ஆலை வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் அது எளிதில் ஒதுக்கப்படும் என்பது என் கருத்து. எதிர்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அனுமதி வழங்கப்படுமாயின் விதிக்கப்பட வேண்டிய நிபந்தனைகளையும் எண்களுடன் எழுதுங்கள். பழைமைவாய்ந்த, அதிர்வைத் தாங்காத கட்டடங்களுக்கு ஜேர்மனியின் டின் 4150 நியமம், குறைந்த அதிர்வெண்களில், அத்திவாரத்தின் அதிர்வு வேகத்துக்குச் செக்கனுக்கு 3 மில்லிமீற்றர் என்ற வழிகாட்டல் எல்லையைத் தருகிறது. அதையே கேட்டு, அளவுக் கருவியைத் தேவாலயத்திலும் பொருத்தக் கோருங்கள். 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பாடசாலை எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயமாகும். பகலில் 50 டெசிபெலே அங்கு எல்லை. நம் மிஷன் தேவாலயங்கள் பலவும் பாடசாலையோடு ஒரே வளவில் இருப்பதால், இந்த விதி பெரிதும் கைகொடுக்கும். லொறிகளை மூடி ஓட்டுதல், நீர் தெளித்தல், ஆராதனை வேளைகளில் இயந்திரங்களை நிறுத்துதல் ஆகியவற்றையும் சேருங்கள். காற்றின் திசையையும் வரைபடத்தில் காட்டுங்கள்: ஆலை தென்மேற்கே அமையுமாயின் சோளகக் காற்று வீசும் மாதங்கள் முழுவதும் தூசி தேவாலயத்தை நோக்கியே வரும், வடகிழக்கே அமையுமாயின் வாடைக் காலம் அவ்வாறாகும்.

உள்ளே செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. ஓர்கனுக்குக் காற்றை ஊதித் தரும் மின் ஊதி இருந்தால், அது காற்றை எடுக்கும் வாயை வீதிப் பக்கத்திலிருந்து மாற்றி வடிகட்டி பொருத்துங்கள். ஆனால் நெருக்கமான வடிகட்டி காற்றழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் திருத்துநரைக் கேட்டே பொருத்த வேண்டும். வாசிக்காத நேரத்தில் துவைத்த பருத்தித் துணியால் போர்த்துங்கள். பொலித்தீன் உறை மட்டும் வேண்டாம். நமது ஈரக் காற்றில் அதனுள் பூஞ்சணம் பிடித்துத் தோலும் மரமும் கெடும். தரையை ஈரத் துணியால் துடையுங்கள், விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். குழாய்களை வெறுங்கையால் தொடவோ, தூசியுறிஞ்சியை உள்ளே விடவோ அனுமதிக்காதீர்கள்.

வேலை தொடங்கியபின், அதே ஒலிப்பதிவை அதே கட்டைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மாற்றம் தெரிந்தால், அன்றே இரு பதிவுகளையும் இணைத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள்.