முடிதிருத்தம் படிப்பவர்களுக்கு: மெஷின் முடியை இழுக்கிறதா?

சமுதாயக் கல்லூரியில் முடிதிருத்தும் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? கத்தரி பிடிக்கப் பழகும் அதே அக்கறையை மெஷின் பிளேடு மேலும் வையுங்கள். சென்னையின் உப்புக்காற்றில், ஈரத்தோடு மூடி வைத்த பிளேடு சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

ஒவ்வொரு தலை முடிந்ததும் மெஷினை அணைத்து, பிரஷ்ஷால் முடித்தூளைத் தட்டுங்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிளேடில் தெளித்து, தானாகக் காயவிடுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிட்டால் கிருமி சாக நேரமே இல்லை. காய்ந்தபின் மெஷினை ஓடவிட்டு, பல்வரிசையின் இரு ஓரத்திலும் நடுவிலும் முடிவெட்டும் மெஷினுக்கான எண்ணெயை ஒவ்வொரு சொட்டு விடுங்கள். 10 விநாடி ஓடியதும் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். பிசுபிசுத்து, முடித்தூளோடு சேர்ந்து பற்களுக்கிடையே களிம்பாக அப்பிக்கொள்ளும். மெஷின் சூடாகி, முடியை வெட்டாமல் பிடுங்கும்.

பிளேடைக் கழற்றி மாட்டும்போது அசையும் பிளேடின் பல்நுனி, அசையாததன் நுனியைவிடச் சுமார் 1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். சமமாகவோ வெளியே நீட்டியோ இருந்தால் பிடரியில் கோடு கோடாகக் கீறும். வாடிக்கையாளர் தலையில் வைப்பதற்கு முன் உங்கள் முன்கையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.