‘ஃபைல் பெயர் செல்லாது’ என்று கணினி அடம்பிடிக்கிறதா?

போன வாரம் மாலை ஆறு மணி இருக்கும். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருக்கும் தம்பி போன் செய்தார். “அண்ணே, ஒரு மணி நேரமா அடிச்ச லெட்டர், சேவ் ஆக மாட்டேங்குது. எந்தப் பேரு குடுத்தாலும் தப்புங்குது.”

“என்ன பேரு குடுத்தீங்க?”

“ந.க.எண். 1432/2024. அது ஆகலைன்னு, கடிதம் 12/06/2024ன்னு குடுத்தேன்.”

இரண்டிலும் ஒரே திருடன்: அந்தச் சாய்கோடு. கணினி சொல்லும் பிழைச் செய்தியில் எந்த எழுத்து தப்பு என்று பெரும்பாலும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸை வைத்தே சொல்கிறேன், நம்மில் பலர் புழங்குவது அதுதான்.

படி 1: முதலில் ‘1’ என்று சேவ் செய்யுங்கள்

பெயரை ஆராய்வது அப்புறம். அடித்த வேலை போய்விடக் கூடாது. ‘சேவ் ஆஸ்’ போய், இடத்தை டெஸ்க்டாப் என்று மாற்றி, பெயராக வெறும் 1 என்று கொடுங்கள். சேவ் ஆகிவிட்டால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு பெயரில், இல்லையென்றால் நீங்கள் வைக்கப் பார்த்த ஃபோல்டரில். இப்போது அதே 1 என்ற பெயரில் பழைய ஃபோல்டரில் சேவ் செய்து பாருங்கள். அங்கேயும் ஆனால் பெயர்தான் குற்றவாளி. ஆகாவிட்டால் நேரே படி 5-க்குப் போங்கள்.

படி 2: ஒன்பது குறிகளைத் தேடுங்கள்

விண்டோஸ் ஃபைல் பெயரில் இந்த ஒன்பதும் வரக் கூடாது:

\ / : * ? " < > |

ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை ஒதுக்கியாயிற்று. \ குறி ஃபோல்டர்களைப் பிரிக்கிறது. / குறியையும் விண்டோஸ் அப்படியே எடுத்துக்கொள்வதால், ‘1432/2024’ என்றதும் 1432 என்ற ஃபோல்டருக்குள் 2024 என்ற ஃபைலைத் தேடப் போகிறது. அதனால்தான் சில நேரம் ‘பெயர் தப்பு’ என்பதற்குப் பதில் ‘அப்படி ஒரு பாதையே இல்லை’ என்று வரும். * குறியும் ? குறியும் தேடலுக்கு. : குறி டிரைவ் எழுத்துக்கு.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். தேதி (12/06/2024), நேரம் (10:30), ‘பொருள்:’ என்று தொடங்கும் தலைப்பு. தேதியை 2024-06-12 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதிப் பழகுங்கள். பிழையும் வராது, ஃபைல்களும் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். நேரத்துக்கு 10.30 போதும். ந.க. எண்ணுக்கு 1432-2024.

டி.டி.பி. வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த தலைப்பைக் காப்பி செய்து பெயர்ப் பெட்டியில் ஒட்டினால், கணினிக்குத் தெரிவது தமிழ் அல்ல. அடியில் இருக்கும் ஆங்கில விசைகள். பாமினியில் ‘ஈ’ என்ற எழுத்து < குறியில் உட்கார்ந்திருக்கிறது. ஆக ‘ஈரோடு’ என்று பெயர் வைக்கப் பார்த்தால் < குறியில் தொடங்கும் பெயர் போகும், உடனே பிழை. ‘சேலம்’ சேவ் ஆகிறது, ‘ஈரோடு’ மட்டும் ஆகவில்லை என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பெயரை மட்டுமாவது யூனிகோடில், அதாவது கணினிக்கும் தமிழாகவே தெரியும் முறையில், அடியுங்கள்.

இன்னொன்று, எக்ஸெல் ஒரு படி கறார். விண்டோஸ் தாராளமாக விடும் [ ] சதுர அடைப்புக்குறிகளை அது ஏற்காது. வேறொரு எக்ஸெல் ஃபைலைச் சுட்டும் வாய்பாட்டில் ஃபைல் பெயரை அந்தக் குறிகளுக்குள்தான் எழுதும், அதனால். கீழே இருக்கும் ஷீட் பெயருக்கும் இதே போன்ற தடைகள் உண்டு, நீளமும் 31 எழுத்தைத் தாண்டக் கூடாது.

படி 3: தடை செய்த சொற்கள்

குறி எதுவுமே இல்லை, மூன்றே எழுத்து, ஆனாலும் மறுக்கிறதா? ஆங்கிலத்தில் சி-ஓ-என், பி-ஆர்-என், ஏ-யூ-எக்ஸ், என்-யூ-எல் என்ற சொற்களும், சி-ஓ-எம் அல்லது எல்-பி-டி என்பதோடு 1 முதல் 9 வரை எண் சேர்ந்தவையும் விண்டோஸுக்கு முன்பிருந்த டாஸ் காலத்துச் சாதனப் பெயர்கள். 1981-இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே கிடையாது. பிரிண்டர், விசைப்பலகை எல்லாவற்றுக்கும் ஃபைல் போலவே பெயர். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. ஒப்பந்தக் கோப்புகளுக்குச் சுருக்கமாக சி-ஓ-என் என்று ஃபோல்டர் போடப் பார்த்தால் மாட்டுவீர்கள். ஒரு எழுத்து கூடச் சேருங்கள், தீர்ந்தது.

படி 4: கடைசியில் என்ன இருக்கிறது?

பெயர் புள்ளியிலோ வெற்றிடத்திலோ முடியக் கூடாது. நாம் இனிஷியலைப் பின்னால் போட்டு ‘முருகன் கே.’ என்று எழுதுவோமே, அந்தப் புள்ளி. நீங்களே அடித்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வெட்டிவிடும். மேக்கிலோ லினக்ஸிலோ உருவான ஜிப் ஃபைலுக்குள் அப்படி ஒரு பெயர் இருந்தால்தான் தகராறு: விரிக்கும்போது பிழை வரும், சில சமயம் விரிந்த ஃபோல்டரைத் திறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் அந்த ஜிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும்போதே எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றிவிட்டு விரியுங்கள்.

படி 5: நீளத்தை அளங்கள்

விண்டோஸில் வழக்கமான வரம்பு 260 எழுத்து. இது ஃபைல் பெயருக்கு மட்டும் அல்ல. டிரைவ் எழுத்து, நடுவில் வரும் ஃபோல்டர்கள், \ குறிகள் எல்லாம் சேர்ந்த முழுப் பாதைக்கு. எக்ஸெலுக்கு இதைவிடக் குறைவு, 218 தான். ‘புதிய ஃபோல்டர்’ உள்ளே ‘புதிய ஃபோல்டர்’ என்று அடுக்குகிறவர்கள் சீக்கிரமே அங்கே போய்விடுவார்கள்.

அளப்பது எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஃபைல் மீது வலது கிளிக் செய்து, பாதையைக் காப்பி செய்யும் வரியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் ஒரு கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் எழுத்துகளை எண்ணிச் சொல்லும் ‘லென்’ வாய்பாடு போடுங்கள். இரு முனையிலும் மேற்கோள்குறி ஒட்டியிருக்கும். வரும் எண்ணில் 2 கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் உங்களை அசர வைக்கும். ‘கோயில்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: க, அதன் துணைக்குறி, ய, அதன் துணைக்குறி, ல, புள்ளி. லினக்ஸில் இன்னும் மோசம். ஃபைல்களைச் சேமிக்க அங்கே பரவலாக உள்ள இ.எக்ஸ்.டி.4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ‘கோயில்’ 18 பைட். மொத்தம் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். விண்டோஸில் நன்றாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர், லினக்ஸில் ஓடும் அலுவலக சர்வருக்குக் காப்பி ஆகாமல் நிற்பது இதனால்தான்.

வைத்தியம்: ஃபைலை இடம் மாற்றுவதைவிட மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள். ஒன்றைச் சுருக்கினால் உள்ளே இருக்கும் நூறு ஃபைலும் பிழைக்கும்.

படி 6: இணையத்தில் ஏற்றும்போது மட்டும் பிழை வந்தால்

கணினி ஏற்ற பெயரை விண்ணப்பத் தளம் ஏற்காமல் போகலாம். தமிழ் எழுத்து, வெற்றிடம், இரண்டாம் முறை இறக்கும்போது தானே ஒட்டிக்கொள்ளும் (1), இவற்றையெல்லாம் சில தளங்கள் மறுக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டும் வைத்து மறுபடி ஏற்றுங்கள். இங்கே தமிழை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லைதான். கடைசித் தேதி அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

எல்லாம் சரியானதும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் அந்த 1 என்ற ஃபைலை மறக்காமல் அழித்துவிடுங்கள். தம்பி அழிக்கவில்லை. மறுநாள் வேறொரு கடிதம் அடம்பிடித்தபோது நான் சொன்னபடியே 1 என்று கொடுத்திருக்கிறார். ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்டதற்கு ‘ஆம்’ என்று தட்டியும் விட்டார். நல்லவேளை, முதல் கடிதத்தை அதற்குள் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு அனுப்பியிருந்தார்.