ப்ரூஃப் பாஸ், கணக்கு தப்பு: ஜீரோ நாலெட்ஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அணியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் சர்காமில் (ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃபுக்கான நிரலாக்க மொழி) எழுதிய சர்க்யூட்டை, அதாவது கணக்கைச் சமன்பாடுகளாக எழுதிய நிரலை, பார்த்தேன். சில வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக் காப்பியடித்தது போல இருந்தது. அதே இடம், அதே வரி, அதே தப்பு. வாடகை சர்வரில் ஓடிய கணக்கு சரிதானா என்று, தரவை வெளியே காட்டாமல் உறுதிசெய்ய ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃபைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாவியை கிட்ஹப்பில் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

யாரிடமிருந்து ரகசியம்?

ப்ரூஃபை உருவாக்குகிற ப்ரூவருக்கு விட்னஸ் (ரகசிய இன்புட்டும் இடைக்கணக்கு மதிப்புகளும்) முழுவதும் தெரிந்தாக வேண்டும். கிளவுட் சர்வரே ப்ரூவர் என்றால் உங்கள் தரவு அத்தனையும் அதன் மெமரியில் திறந்துதான் கிடக்கும். மறைவது ப்ரூஃபைச் சரிபார்க்கும் வெரிஃபையரிடமிருந்து மட்டும். சர்வருக்கும் தெரியக்கூடாது என்றால் ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷன் (பூட்டிய தரவின் மேலேயே கணக்குப் போடும் முறை) போன்ற வேறு வழிக்குப் போக வேண்டும். "கிளவுடுக்கே தெரியாது சார்" என்று கிளையன்ட்டிடம் சொல்லிவிட்டு வந்து விழித்தவர்களில் நானும் ஒருவன்.

ரகசியமே இல்லையென்றால் ஜீரோ நாலெட்ஜே வேண்டாம். இரண்டு பெரிய மேட்ரிக்ஸைப் பெருக்கிய விடை சரியா என்று பார்க்க, 1977இல் ஃப்ரெய்வால்ட்ஸ் காட்டிய வழி போதும்: சீரற்ற வெக்டர் ஒன்றை எடுத்து இரு பக்கமும் பெருக்கி ஒப்பிடுங்கள். சில தடவை செய்தால் தப்பு மாட்டிக்கொள்ளும்.

அம்புக்குறியை மாற்றி எர்ரரை அடக்குவது

இதுதான் இன்னும் எரிச்சலூட்டுவது.

ஒரு நிறுவனத்தின் முகவர்களுக்குக் கமிஷன் கணக்கு. மற்ற முகவர்களின் விற்பனையைப் பார்க்காமலே தன் கமிஷன் சரி என்று ஒவ்வொருவரும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பைசாவில் வந்த தொகையை 100ஆல் வகுத்து, பைசாவை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் கொடுப்பார்கள். நான் ஈவை <== போட்டு எழுதினேன். இருபடிக்கு அடங்காத கன்ஸ்ட்ரெய்ன்ட் (ப்ரூஃப் கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய சமன்பாடு) என்று கம்பைலர் திட்டியது. <== என்பதை <-- என்று மாற்றினேன், எர்ரர் போய்விட்டது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

<== மதிப்பையும் கொடுக்கும், கன்ஸ்ட்ரெய்ன்ட்டையும் போடும். <-- மதிப்பை மட்டும் கொடுக்கும். அதாவது நேர்மையான ப்ரூவர் அந்த மதிப்பைப் போடுவார், நேர்மையில்லாதவர் இஷ்டத்துக்குப் போடலாம். என் சர்க்யூட்டில் மிஞ்சியிருந்த ஒரே கட்டுப்பாடு இது:

தொகை === ஈவு * 100 + மீதி

தொகை 1280 பைசா என்று வையுங்கள். ஈவு 12, மீதி 80. சரி. ஈவு 5, மீதி 780 என்று போட்டாலும் சமன்பாடு நிற்கும்! முகவருக்கு 12 ரூபாய்க்குப் பதில் 5 ரூபாய், கூடவே செல்லுபடியாகும் ப்ரூஃப்.

டெஸ்ட் எழுதவில்லையா என்பீர்கள். நூற்றுக்கும் மேல் எழுதினேன், எல்லாம் பச்சை. டெஸ்ட்டில் ஓடுவது நாம் எழுதிய விட்னஸ் ஜெனரேட்டர், அது பொய் சொல்லாது. டெலிவரிக்கு ஒரு வாரம் முன்னால் சக ஊழியர் ஒருவர் விட்னஸ் ஃபைலைக் கையால் திருத்தி இந்த 5ஐக் கொண்டுவந்து காட்டினார்.

உடனே மீதி 100ஐவிடக் குறைவா என்று சோதிக்க, சர்காம்லிப் (சர்காமின் பொது நூலகம்) தரும் லெஸ்தேன்(7)ஐச் சேர்த்தேன். மறுநாள் அவரே ஈவு 13, மீதி −20 என்று கொண்டுவந்தார். சர்க்யூட்டுக்குள் கழித்தல் குறி கிடையாது. எல்லாக் கணக்கும் ஒரு 77 இலக்கப் பகா எண்ணால் வகுத்துக் கிடைக்கும் மிச்சமாகவே நடக்கும்; −20 என்பது அந்த எண்ணில் 20 குறைந்தது, அவ்வளவுதான். லெஸ்தேன்(7) தனக்கு வரும் எண் 7 பிட்டுக்குள் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறது, தானாகச் சோதிக்காது. −20ஐ 100க்குக் குறைவு என்று ஏற்றுக்கொண்டது. மீதியை முதலில், எண் 7 பிட்டுக்குள் அடங்குகிறதா என்று சோதிக்கும் நம்டுபிட்ஸ்(7) வழியாக அனுப்பி, ஈவுக்கும் வரம்பு போட்ட பிறகுதான் ஓட்டை அடைந்தது.

செலவு அதோடு முடியவில்லை. நாங்கள் பயன்படுத்திய ப்ரூஃப் முறையான க்ரோத்16இல் சர்க்யூட் மாறினால் செட்டப்பின் (பலர் சேர்ந்து ப்ரூஃபுக்கான சாவிகளை உருவாக்கும் வேலை) இரண்டாம் கட்டத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். பங்களித்த ஏழு பேரையும் மறுபடி கூப்பிட்டோம். அதில் ஒருவர் விடுமுறையில் இருந்தார்.

பெரியவர்களுக்கும் நடந்ததுதான். 2019இல் சர்காம்லிப்பின் மிம்சி ஹாஷில் (ஹாஷ் என்பது தரவைத் திருப்பி எடுக்க முடியாத எண்ணாகச் சுருக்குவது) <== இருக்க வேண்டிய இடத்தில், கன்ஸ்ட்ரெய்ன்ட் போடாத வெறும் = இருந்தது. அதை நம்பியிருந்த டொர்னாடோ கேஷ் (கிரிப்டோ பணம் போகும் தடத்தை மறைக்கும் சேவை) குழு, வேறு யாரும் எடுப்பதற்குள் தங்கள் கான்ட்ராக்டைத் தாங்களே ஹேக் செய்து பணத்தைக் காப்பாற்றியது.

இப்போது எங்கள் அணியில் ஒவ்வொரு <-- வரிக்கும் பக்கத்தில், அதைக் கட்டும் கன்ஸ்ட்ரெய்ன்ட் எது என்று கமென்ட் இருக்க வேண்டும். ஒரு பொய் விட்னஸ் டெஸ்ட்டும் வேண்டும். சர்காம் நிரலைச் சோதிக்கும் சர்காம்ஸ்பெக்ட் என்ற கருவி இந்த வரிகளை எச்சரிக்கையாகக் காட்டும். அதைப் படியுங்கள், அணைத்து வைக்காதீர்கள்.

சம்பளத்தை வெறுமனே ஹாஷ் செய்வது

போன் நம்பர், சம்பளம், வயது எல்லாம் சின்ன வரம்பு. ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சீரற்ற பெரிய எண் ஒன்றைச் சேர்த்து ஹாஷ் செய்யுங்கள்.

ஃபியட்-ஷமீரை சொந்தமாக எழுதுவது

வெரிஃபையர் கேட்க வேண்டிய சீரற்ற கேள்வியை ஹாஷிலிருந்து எடுக்கும் முறை இது. சொந்தமாக எழுத வேண்டாம். 2022இல் ட்ரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ரோசன் ஹார்ட்' ஓட்டைகள் இதில்தான் வந்தன: ஹாஷுக்குள் போக வேண்டிய பொது மதிப்புகள் விட்டுப்போயிருந்தன.

எந்த ப்ரோக்ராம் ஓடியது?

ஜீரோ நாலெட்ஜ் விஎம் (சாதாரண ப்ரோக்ராமை ஓட்டி ப்ரூஃப் தரும் மெய்நிகர் கணினி) தரும் ரசீது, ஏதோ ஒரு ப்ரோக்ராம் சரியாக ஓடியது என்று சொல்லும். அது உங்கள் ப்ரோக்ராம்தானா என்று இமேஜ் ஐடியை (அந்த ப்ரோக்ராமின் ஹாஷ் அடையாளம்) ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

தனி ஆளாக செட்டப்

டெமோவுக்கு மட்டும். செட்டப்பின் ரகசியம் முழுவதும் கையில் இருப்பவர் பொய் ப்ரூஃப் செய்யலாம்.

பழைய ப்ரூஃபை ஏற்பது

மார்ச் மாத ப்ரூஃப் ஏப்ரலிலும் பாஸ் ஆகும். எந்த மாதம், எந்த முகவர் என்பதைப் பொது இன்புட்டில் போட்டு, வெரிஃபையர் பக்கம் ஒப்பிடுங்கள். புதிதாக வந்த இருவரில் ஒருவர் மாதத்தைப் போட்டிருந்தார், ஒப்பிட மறந்திருந்தார்.