தேவதாரு வளர்க்கப் போறீங்களா? நுனி தொங்குதுன்னு குச்சி கட்டாதீங்க

தேவதாரு வைக்க ஆசை இருக்கறவங்க முதல்ல பாக்க வேண்டியது நம்ம இடத்துல குளிர்காலம்னு ஒன்னு ஒழுங்கா வருதான்னு தான். இது மேற்கு இமயமலை மரம், ஆப்கானிஸ்தான் பக்கம் ஆரம்பிச்சு காஷ்மீர், இமாச்சல், உத்தரகாண்ட், மேற்கு நேபாளம் வரைக்கும், பெரும்பாலும் 1500 மீட்டருக்கும் 3000 மீட்டருக்கும் நடுவுல தானா வளருது. பனி பெஞ்சா அதுக்கு ஒன்னும் ஆகாது. வருஷம் பூரா சூடா இருக்கற சமவெளில இதை வச்சு மல்லுக்கட்டாதீங்க, ப்ளீஸ்.

குளிரை விட இதைக் கொல்றது வேர்ல நிக்கற தண்ணி தான். அதனால இடம் தேடும்போது சரிவான நிலம் கிடைச்சா விட்றாதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு முழங்கால் ஆழம் குழி தோண்டி தண்ணி ஊத்திப் பாருங்க, மறுநாள் காலைல போய் பாக்கும்போதும் தண்ணி நிக்குதுன்னா அந்த இடம் வேண்டாம், இல்ல மண்ணை மேடா குவிச்சு அது மேல தான் நடணும். அப்புறம் முக்கியமா, வீட்டை விட்டு தள்ளி வைங்க. தொட்டில பாக்க அழகா குட்டியா இருக்கும், ஆனா காட்டுல 40, 50 மீட்டர் போற மரம் இது, கீழ் கிளையே பல மீட்டருக்கு விரியும், கரண்ட் கம்பிக்கு கீழ எல்லாம் நட்டுட்டு அப்புறம் தலைய வெட்ட வேண்டி வந்தா மரத்தோட அழகே போச்சு.

விதையில இருந்து வளர்க்கறதுன்னா புது விதையா வாங்குங்க. விதைல எண்ணெய், பிசின் எல்லாம் இருக்கறதால சும்மா வெளிய வச்சா முளைப்புத்திறன் சீக்கிரம் போயிடும். ராத்திரி தண்ணில ஊறப் போட்டு, ஈர மணல்ல கலந்து, கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர்ல இல்லைங்க) ஒரு 2 முதல் 4 வாரம் வச்சுட்டு அப்புறம் விதைச்சா ஒன்னு போல முளைக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். முளைச்சு வரும்போது விதைத்தோல் தலை மேல தொப்பி மாதிரி ஒட்டிக்கிட்டே வரும், அதுக்குள்ள தான் விதையிலைங்க எல்லாம் நுனி சேர்ந்து மாட்டிட்டு இருக்கும், உதவி பண்றேன்னு விரலால இழுத்தீங்கன்னா தோலோட சேர்ந்து நுனியும் பிஞ்சு வந்துடும், அதுவா காஞ்சு விழட்டும், ரொம்ப காஞ்சு இறுகிப் போயிருந்தா லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, அவ்வளவு தான்.

இந்த ஸ்டேஜ்ல நாத்து அடியில கருத்து மெலிஞ்சு சாயும், அது அழுகல் நோய், ஈரம் அதிகமானா பூஞ்சை வந்துடும். மண்ல பாதிக்குப் பாதி கரடு மணல் சேருங்க, மேல் மண் காஞ்ச பிறகு தண்ணி விடுங்க. ஆணிவேர் சரசரன்னு கீழ போகும், அதனால அகலமான தொட்டிய விட ஆழமான தொட்டி தான் நல்லது. பக்கத்துல பைன் மாதிரி ஊசியிலை மரம் நல்லா வளர்ந்து நின்னா அது அடில இருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து கலந்துக்கோங்க, வேரோட கூட்டு சேர்ந்து வாழற பூஞ்சை அதுல இருக்கும், உரத்தை விட அது உபயோகம்.

2, 3 வயசானதும் நிலத்துல மாத்திடலாம். ரொம்ப நாள் தொட்டிலயே விட்டா வேர் உள்ளயே சுத்திக்கும். குழி அகலமா இருக்கணும், ஆழம் வேர்க்கட்டி அளவுக்கு போதும், தண்டு மண்ணுக்குள்ள புதையக் கூடாது. நடும்போது உரம் வேண்டாம். சுத்தி காஞ்ச இலை மூடாக்கு போடுங்க, தண்டைத் தொடாம நாலு விரல் தள்ளி. முதல் ரெண்டு கோடைக்கு வாரம் ஒரு தடவை ஆழமா தண்ணி, தினமும் தெளிக்கறது எல்லாம் வேலைக்கு ஆகாது. அதுக்கப்புறம் அதுவே பாத்துக்கும்.

இனி அந்த நுனி விஷயம். சின்ன மரத்தோட உச்சி வளைஞ்சு தொங்கும், அதப் பாத்துட்டு வாடிருச்சுன்னு தண்ணியா ஊத்தறவங்களும் உண்டு, குச்சி வச்சு நிமித்திக் கட்டறவங்களும் உண்டு. ரெண்டும் தேவையில்லாத வேலை. இது வளர்ற விதமே அப்படித்தான், இந்த வருஷம் தொங்கற நுனி தடிச்சு தானா நிமிரும், அதுக்கு மேல புது நுனி வந்து மறுபடி தொங்கும். உச்சி ரெண்டா பிரிஞ்சா மட்டும் சின்னதுலயே பலவீனமான ஒன்ன எடுத்துடுங்க. மத்தபடி கத்தரிய உள்ள வைங்க, இலையில்லாத பழைய கட்டையில வெட்டினா திரும்ப துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிக்கும்.

வசந்த காலத்துல உள்பக்கம் இருக்கற பழைய ஊசியிலை மஞ்சளாகி கொட்டும், அது நார்மல். கிளை நுனியில இருக்கற புது இலை மஞ்சளானா தான் உஷாராகணும், பெரும்பாலும் வேர்ல தண்ணி தேங்குதுன்னு அர்த்தம், மருந்து தேடறதுக்கு முன்னாடி மண்ணைத் தோண்டிப் பாருங்க. இலை பிசுபிசுன்னு இருந்து மேல கருப்பா படிஞ்சா அது அசுவினிங்கற சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி, வேகமா தண்ணி பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும்.

காய்க்கு அவசரப்படாதீங்க, நல்லா விதை பிடிக்க சுமார் 30 வருஷம் ஆகும். பீப்பாய் ஷேப்ல நிமிர்ந்து நிக்கற அந்தக் காய் பைன் காய் மாதிரி முழுசா கீழ விழாது, மரத்துலயே செதில் செதிலா உதிர்ந்துடும், அதனால விதை வேணும்னா பழுப்பாக ஆரம்பிக்கும்போதே பறிச்சு வெயில்ல காய வைக்கணும்.