குட்டையை வடித்து மீன் எடுப்பது: கடைசி ஓரடித் தண்ணீர்தான் வேலை

வடபெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் மாமனார் வெட்டிய குட்டை இருக்கிறது. பட்டா நிலம். 50 அடி நீளம், 40 அடி அகலம், நிறைந்தால் ஐந்தடி ஆழம். விராலும் கட்லாவும் வளர்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருவும் குட்டையும் ஒரே தண்ணீராகிவிட்டன. வடிந்த பிறகு வலை போட்டால் கட்லாவைக் காணோம். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, அலங்கார மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் விட்டுவிட்ட டேங்க் கிளீனர் மீன் இவைதான் வந்தன. அடுத்த மே மாதம் கத்திரி வெயிலில் குட்டையை முழுதாக வடித்தோம்.

அதற்கு முன் 2019 கோடையில் ஒருமுறை வடித்துக் கெடுத்திருக்கிறேன். காலையில் இன்ஜின் போட்டு ஒரே மூச்சாக இறைத்தோம். உச்சி வெயிலில் முழங்கால் தண்ணீரில் பத்துப் பேர் இறங்க, சேறு கலங்கி, கட்லா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாதிக்குமேல் செத்தன. வளர்த்த கை இரண்டு நாள் சோறு பிசையவில்லை. நான்கடியை யாரும் இறைத்துவிடலாம், கடைசி ஓரடிக்குத்தான் ஆளும் நேரமும் பாத்திரமும் வேண்டும் என்று அன்று புரிந்தது.

அதனால் முதலில் மீன் போகும் இடத்தைத் தயார் செய்யுங்கள். வடிக்கத் தொடங்கும் முன்பே, தெளிந்த குட்டைத் தண்ணீரை 200 லிட்டர் நீல டிரம்களில் நிரப்பி நிழலில் வைத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம். கொளத்தூர் மீன் கடைகளில் பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் கிடைக்கிறது, டிரம்முக்கு ஒன்று. விராலைத் தனியாகப் போட்டு மேலே வலை கட்டுங்கள், இல்லையென்றால் எகிறிவிடும். வடிப்பதற்கு ஒருநாள் முன்பே தீனியை நிறுத்திவிட்டால் டிரம்மில் தண்ணீர் சீக்கிரம் கெடாது.

எங்கள் குட்டையின் கணக்கு 10,000 கன அடி, ஏறக்குறைய 2,83,000 லிட்டர். வாடகைக்கு எடுத்த 5 ஹெச்.பி. டீசல் இன்ஜினும் மூன்று அங்குலக் குழாயும் மொத்தம் ஏழு மணி நேரம் ஓடின. மின்சார மோட்டார் வைப்பவர்கள், தண்ணீரில் ஆள் இறங்கும்போது மெயினையே அணைத்துவிடுங்கள். உறிஞ்சும் முனையைப் பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கொசுவலையால் சுற்றினோம். வெளியேறும் முனையிலும் ஒரு கொசுவலைப் பை. தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் மட்டும் விட்டோம். பக்கத்தில் ஓடும் புழல் உபரிநீர்க் கால்வாய் எண்ணூருக்குப் போகிறது, அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிலேபி குஞ்சை வாயில் வைத்துக் காக்கும் மீன். ஒரு தாய் தப்பினாலும் ஒரு கூட்டமே தப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை இரண்டரை அடி வரை இறக்கி நிறுத்தினோம். விடியற்காலையில்தான் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அதனால் இராத்திரி முழுக்க ஒரு சின்ன மோட்டார் குட்டைத் தண்ணீரையே குட்டைக்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் காசிமேட்டில் வாங்கிய இழுவலையை இரண்டு முறை இழுத்தோம். பெரிய மீனில் பெரும்பகுதி அப்போதே வந்துவிட்டது. டேங்க் கிளீனரின் செதிலும் முள்ளும் வலையைக் கிழிக்கும், சிக்கினால் பிடுங்காமல் நூலை அறுத்துவிடுங்கள்.

பிறகு ஓரடிக்கு இறக்கியதும், மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த இருளர் பெரியவர் கையைத் தூக்கினார். "மோட்டார நிறுத்தும்மா. கலங்கினது தெளியட்டும்." அரை மணி காத்திருந்தோம். பிறகு இரண்டே பேர், ஓர் ஓரத்திலிருந்து. அடியில்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கை விட்டு விராலை ஒவ்வொன்றாக எடுத்தார். விரால் சேற்றுக்குள் புதைந்திருக்கும். மேலே தெரியவில்லை என்பதால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 11 விரால் கிடைத்தன, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேளி (விஷ முள்ளுள்ள கெளுத்தி வகை மீன்) கொட்டினால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வையுங்கள், வலி குறையும். பாலாமை வந்தால் பக்கத்து நீர்நிலையில் பத்திரமாக விட வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

ஜிலேபியைத் தெருவே குழம்பு வைத்துச் சாப்பிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் டேங்க் கிளீனரையும் கரையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும், கெளுத்தி ஊர்ந்தே தண்ணீருக்குத் திரும்பும். தலையில் ஒரே அடி, தென்னையடியில் ஆழக் குழி. கரையில் டேங்க் கிளீனர் குடைந்த பொந்துகளையும் தேடிக் களிமண்ணால் அடைத்தோம்.

தேங்கிய குழிகளில் குஞ்சு மிச்சமிருக்கும். அவற்றில் மட்டும் கல் சுண்ணாம்பைப் போட்டோம், கண்ணில் படாமல். முழுக்க வடிக்க முடியாதவர்களுக்கு, மிச்ச மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது: ஆயிரம் லிட்டருக்கு கால் கிலோ, எங்கள் குட்டையில் ஓரடி நின்றால் 14 கிலோ. மூன்று வாரம் கழித்துத்தான் புது மீன் விடலாம். பூச்சிமருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

தரை வெடித்து, வெடிப்பில் விரல் நுழையும்வரை காயவிட்டு, சென்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு தூவினோம். வாரியெடுத்த வண்டல் கரையை ஒன்றரை அடி உயர்த்தியது. அதன் மேல் மூன்றடிக்கு வலை கட்டியிருக்கிறோம், அடுத்த ஐப்பசி கார்த்திகைக்காக. சிமென்ட் தொட்டியில் காத்திருந்த 11 விராலும் ஜூலையில் குட்டைக்குத் திரும்பின.