வட்டமேசைக் கணக்கில் இடமும் வலமும் குழம்பாமல் இருக்க

அரச போட்டிப் பரீட்சைக்காகக் கொழும்பில் வகுப்பு வகுப்பாக அலையும் பிள்ளைகள் நுண்ணறிவு வினாத்தாளில் அதிகம் தடுமாறுவது இருக்கை ஒழுங்கில்தான், அதாவது மேசையைச் சுற்றி யார் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் கணக்கில். கணக்கு கடினமில்லை, படம் கீறுவதில்தான் பிழை.

மையத்தைப் பார்த்து இருப்பவருக்கு இடப்புறம் கடிகாரம் சுற்றும் திசை, வலப்புறம் எதிர்த்திசை. வெளியே பார்த்து இருந்தால் அப்படியே மாறும். தொடங்கமுன் தாளின் மூலையில் அம்புக்குறி போட்டு 'இடம்' என்று எழுதிவிடுங்கள்.

ஓர் உதாரணம்: ஆறு பேர் மையம் பார்த்து இருக்கிறார்கள், யார் எங்கே? ரவிக்கு நேரெதிரே நசீர். நசீருக்கு இடப்புறம் இரண்டாவது மேரி. சுனில் மேரிக்குப் பக்கத்தில் இல்லை. ரவிக்கு அடுத்த இடப்புறம் கமலா. மிச்சம் பாத்திமா.

கடிகாரத் திசையில் 1 முதல் 6 வரை இலக்கமிட்டு, ரவியை 1இல் இருத்துங்கள். வட்டத்தில் முதலாமவரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். நசீர் 4, மேரி 6, கமலா 2. மீதி 3உம் 5உம். 5 மேரிக்குப் பக்கம், ஆகவே சுனில் 3, பாத்திமா 5. 'இல்லை' என்று வரும் குறிப்பைக் கடைசிக்கு வைப்பது இதற்காகத்தான். முதலிலேயே எடுத்தால் மூன்று நான்கு படம் கீறவேண்டி வரும்.

'இரண்டாவது' என்றால் நடுவில் ஒருவர் மட்டும். இருவரை விட்டு எண்ணுவதுதான் நாங்கள் அடிக்கடி திருத்தும் பிழை. இன்னொன்று: 'கமலாவுக்கும் சுனிலுக்கும் நடுவில்' என்ற குறிப்பு யார் எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. இரண்டு படமும் கீறி, அடுத்த குறிப்பு எதை வெட்டுகிறது என்று பாருங்கள்.