டாரென்ட் போர்ட்டைத் திறக்க ஒரு டிக் போதும்

பயனர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கோப்புகளைப் பகிர உதவும் டாரென்ட் மென்பொருளின் செட்டிங்ஸில் 'கனெக்‌ஷன்' பகுதிக்குப் போய், யூபிஎன்பி / நாட்-பிஎம்பி என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். ரவுட்டரிலும் அது ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் ரவுட்டருக்குள் நுழைந்து கையால் போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாசலுக்கு, வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்ற விதி) எழுதும் வேலையே இல்லை.

வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் தள்ளிவிடும். இந்த வசதி இருந்தால், "இந்த போர்ட்டுக்கு வருவதை என்னிடம் அனுப்பு" என்று மென்பொருளே ரவுட்டரிடம் சொல்லிவிடும். கணினியின் உள் ஐபி மாறினாலும் மறுபடி சொல்லிக்கொள்ளும்; கையால் எழுதிய விதி அங்கேதான் சொதப்பும். பகிர்பவர்கள் குறைவாக உள்ள கோப்புகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் போர்ட் மூடிய இருவர் ஒருவரையொருவர் எட்டுவது கடினம்.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இது பலிக்காது. இணைய நிறுவனம் பலரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது; திறக்க வேண்டிய கதவு அவர்களிடம் இருக்கிறது. விபிஎன் வழியாகப் போனாலும் ரவுட்டரில் திறந்த போர்ட் உதவாது. முன்பின் தெரியாதவர்களும் சேரும் நெட்வொர்க் என்றால் தயவுசெய்து யூபிஎன்பியை அணைத்தே வையுங்கள்: கடவுச்சொல் கேட்காததால், உள்ளே இருக்கும் எந்த மென்பொருளும் போர்ட்டைத் திறந்துவிடலாம்.